மண்டிக் கணக்கும் மண்டைக் கணக்கும்

ஏ மாப்ளே, அந்தச் செல்போனைக் கீழ வையி. ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா வெளிச்சம் பாதிதான் உள்ள போகும்னு எந்த வாத்தியார் உனக்குச் சொல்லிக்குடுத்தான்? நான் இந்த ஜன்னலோரம் உக்காந்து வெத்தலை மடிக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா கண்ணு உன் மேலதான் இருக்கு. என் தலையில எதுக்குத் துண்டுன்னு நீ பாக்க வேண்டாம். கூதக்காத்து. அம்புட்டுதான்.

கோவில்பட்டியில இருந்து ரெண்டு ரயில் மாறி இந்த ஹைதராபாத்துத் தார்நாகாவுக்கு வந்து இறங்குனப்ப உன்ன நினைச்சு எனக்குப் பெருமையா இருந்துச்சு. பின்ன என்ன? இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு ஆராய்ச்சிக்கூடத்து வாசல்லதான் விழணும். பூமிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க ஹப்சிகூடா பக்கம் ஒண்ணு, 1961-ல ஆரம்பிச்சது. உயிரணுவுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க இன்னொண்ணு, 1977-ல வந்தது. ரசாயனத்துக்கு ஒண்ணு இருக்கு, அது சுதந்திரத்துக்கு முந்தியே, 1944-ல. சோத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கக்கூட ஒரு பெரிய காம்பவுண்டு போட்டு வச்சிருக்காக. இத்தனைக்கும் நடுவுல, மெட்ரோ தூணுக்குக் கீழ, முழங்கால் நனையாத மழைத்தண்ணியில ஸ்கூட்டரச் சாய்ச்சு மண்டையத் தரையில போட்டவன் நீ ஒருத்தன்.

ஹெல்மெட்டு இல்லாமலா போன? இருந்துச்சே, முழங்கையில. அதனாலதான உன் முழங்கைக்கு ஒரு கீறல் இல்ல! சர்க்கார் 129-ஆம் பிரிவுன்னு ஒண்ண எழுதி அதத் தலைக்குப் போடச் சொல்லுது. உனக்கு எது முக்கியமான உறுப்புன்னு உனக்குத்தான தெரியும்.

ஸ்கேன் எடுத்துட்டு வந்து, மண்டையில ஒண்ணுமில்லன்னு சொன்னீக. அதத்தான நாங்க முப்பது வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கோம், அதுக்கு எதுக்கு ஆயிரக்கணக்குல ரூவான்னு எனக்குச் சிரிப்பு. அப்புறம் கீழ்வீட்டு டாக்டரம்மாகிட்டப் போய் விசாரிச்சேன். பாவம், வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டு நிம்மதியா இருந்தாக. நான் பேசுன நம்ம வீட்டுத் தெலுங்கைக் கேட்டுட்டு, இது எந்தக் காலத்துத் தெலுங்குய்யான்னு முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாக. கரிசக்காட்டுல நம்ம பாட்டன் பூட்டன் மூட்டை கட்டி வச்ச சரக்கு, அம்புட்டுச் சுளுவா இந்த ஊர்ல விலைபோகுமா? ஆனா விசயத்த நல்லா விளங்கச் சொன்னாக. ஸ்கேன் பாக்குறது ரத்தக்கசிவும் எலும்புமுறிவும் இருக்கான்னு. உனக்கு வந்தது அது இல்ல, குலுக்கல். உறியில தொங்குற தயிர்ப்பானைய ஒருத்தன் இடிச்சுட்டுப் போனா பானை உடையாது, கீறல் விடாது. உள்ள இருக்கிற தயிரு மட்டும் கலங்கிப்போகும். கலங்குன தயிரைப் படம் பிடிக்க அந்த மெசினால முடியாது. அதனால ‘ஒண்ணுமில்ல’ங்கிறதுக்கு ‘நாளைக்கே ஆபீசுக்குப் போகலாம்’னு நீ பொருள் சொன்னது, குளம் உடையலன்னா மழையே பெய்யலன்னு சொல்ற மாதிரி.

உங்கம்மா, அதான் எங்க அக்கா, அவ பண்ணுன கூத்த எந்தக் கணக்குல எழுதட்டும்? மண்டையில அடிபட்டவனத் தூங்க விடக்கூடாதுன்னு யாரோ சொன்னாகளாம். ராத்திரி மணிக்கு ஒருதரம் உன்ன உலுக்கி, ‘நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லு’ன்னு கேட்டா. மூணாந்தடவை நீ ‘எமன்’னு சொன்ன. உடனே நினைவு தப்பிப்போச்சுன்னு ஒப்பாரி. எனக்கு என்னமோ அன்னிக்குத்தான் உன் புத்தி தெளிவா வேலை செஞ்ச மாதிரிப் பட்டுச்சு. டாக்டரு பாத்துட்டாரு, ஆளு நல்லாப் பேசுறான், நேரா நடக்கான்னா அவனத் தூங்க விடணுமாம். தூக்கந்தான் அந்தக் கலங்குன தயிரு திரும்ப உறையறதுக்கான உறைமோர். எழுப்பிப் பாக்கணும்னா எத்தன தடவைன்னு டாக்டரே சொல்லுவாரு. கூப்பிட்டு எழுப்புனாலும் எழும்பாமக் கெடந்தாத்தான் பயப்படணும்.

ஒரு வாரம் பாத்தேன். முதல் ரெண்டு நாளு படுத்த, அது சரி. அப்புறம் ரெண்டு தெரு நடந்த, அதுவும் சரி. எத்தன நாளானாலும் இருட்டறையில போட்டுப் பூட்டணும்னு சொல்ற காலம் போயிருச்சாம். 24 மணி, மிஞ்சுனா 48 மணி நேரம் அடங்கி இருந்துட்டு, தலையிடி கூடாத அளவுக்கு மெல்ல மெல்ல நடமாடுன்னுதான் இப்பச் சொல்லுதாக. ஏழாம் நாள் ஒஸ்மானியா யுனிவர்சிட்டி மரத்தடியில என் கூட நடந்துவந்து, ‘மாமா, முக்காவாசி சரியாப்போச்சு’ன்ன. எட்டாம் நாள் காலையில, அச்! போச்சு. மூக்கு ஒழுகுது, தொண்டை கரகரங்குது, 101 காய்ச்சல். மண்டையிடி திரும்ப முதல் நாளு மாதிரி. ‘மாமா, மூளைக்குள்ள என்னமோ ஆயிருச்சு’ன்னு நீ என் வேட்டியப் பிடிச்ச பாரு, அப்பத்தான் இதுக்கு நம்ம மண்டிக் கணக்குதான் சரிப்படும்னு முடிவு பண்ணுனேன்.

மண்டியில 38 வருசம் பேரேடு எழுதுனவன்டா நான். ரெண்டு சம்சாரி ஒரே வண்டியில பருத்தி கொண்டாந்து இறக்குவாக. சாக்கும் ஒண்ணு போல இருக்கும், பஞ்சும் ஒண்ணு போல இருக்கும். அசந்தா இவன் எடைய அவன் பேருல எழுதிருவோம். அப்புறம் தீபாவளிக்கு முன்னாடி அரிவாள்தான். உன் மண்டைக்குள்ளயும் இப்ப ரெண்டு சம்சாரி. ஒருத்தன் அடி, இன்னொருத்தன் தடுமம். தலையிடி ரெண்டு பேரு சாக்குலயும் இருக்கு. அசதி, குமட்டல், தூக்கங்கெட்டது, எரிச்சல், வெளிச்சம் பாத்தாக் கண்ணு கூசறது எல்லாம் ரெண்டு பேரும் கொண்டுவார சரக்குதான். அதனால தலையிடி கூடிருச்சுன்னதும் அத அடியோட பேருல எழுதி அலறாத. காய்ச்சல் வந்தா அடிபடாத மண்டையே இடிக்கும். காய்ச்சல் இறங்குனதும் அதுவும் இறங்குதான்னு பாரு. இறங்குனா அது தடுமத்தோட பற்று.

ஆனா மாப்ளே, மறுபக்கமும் உண்டு. அடிக்குச் சொந்தமே இல்லாத சரக்கு ஒண்ணு இருக்கு, காய்ச்சல். தார்ரோட்டுல தலை மோதுனதுக்காக எந்த மண்டையும் எட்டாம் நாள் 101 கொதிக்காது. அப்படிக் கொதிச்சா வேற ஆளு உள்ள வந்திருக்கான்னு அர்த்தம், அவன் யாருன்னு விசாரிக்கணும். அதே மாதிரி தடுமத்துக்குச் சொந்தமில்லாத சரக்கும் இருக்கு. தலையிடி மணிக்கு மணி ஏறிக்கிட்டே போறது, ஓங்கரிச்சு ஓங்கரிச்சுத் திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, நாக்குக் குழறல், கைகால்ல ஒரு பக்கம் பலங்குறையறது, கண்மணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, ஆளு தடுமாறிப் பேசறது. இதுல ஒண்ண எந்தச் சளி மேலயும் எழுதக்கூடாது. கழுத்த மடக்க முடியாத விறைப்போட காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். அப்ப இந்த மாமன் கணக்கெல்லாம் கேக்காத, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இன்னொண்ணு, இது ரொம்பச் சூட்சுமம். மூக்கு ஒழுகுதுல்ல, ரெண்டு மூக்குலயும் ஒழுகுதா, ஒத்த மூக்குலயா? சிரிக்காத, அவசியமாத்தான் கேக்குதேன். சளின்னா ரெண்டு பக்கமும் வரும், பிசுபிசுங்கும், நாளாக நாளாகக் கெட்டியாகும். பச்சத்தண்ணி மாதிரி ஒரே பக்கமாச் சொட்டுது, குனிஞ்சா குழாயத் தெறந்த மாதிரிக் கொட்டுது, தொண்டைக்குள்ள உப்புக்கரிக்குதுன்னா அது மூக்குத் தண்ணியா இல்லாம, மூளையச் சுத்தி இருக்கிற தண்ணியா இருக்கலாம். மண்டையோட்டு அடியில விரிசல் விட்டா அப்படிக் கசியும். அபூர்வந்தான். ஆனா வந்தா மூக்கச் சிந்தாம அன்னிக்கே டாக்டர்கிட்டப் போகணும். உனக்கு ரெண்டு மூக்குலயும் தாமிரபரணி. பரவாயில்ல, நல்ல சகுனம்.

இனி உன் மாத்திரை டப்பாவுக்கு வருவோம். நேத்து நீ தூங்குறப்ப எடுத்து எண்ணுனேன். பழக்கம், விடமாட்டேங்குது. காய்ச்சலுக்குன்னு ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் நாலு. 2,600. சளிக்குன்னு முக்குக்கடையில கேட்டு வாங்குன மாத்திரை மூணு. அதோட அட்டையத் திருப்பிப் பாத்தியா? பொடி எழுத்துதான், நான் பூதக்கண்ணாடி வச்சுல்ல பாத்தேன். அதுக்குள்ளயும் 500 பாராசிட்டமால் இருக்கு. மூணுக்கு 1,500. ஆகமொத்தம் 4,100. திடமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4,000-ந்தான் உச்சவரம்பு, தண்ணி போடுறவனுக்கும் ஈரல் கெட்டவனுக்கும் அதவிடக் கம்மி. பேரு வேற, அட்டைக் கலரு வேற, உள்ள சரக்கு ஒண்ணு. பழைய பஞ்சப் புதுச் சாக்குல போட்டு ரெண்டு தடவை விக்கிற யாவாரிய நான் பாத்திருக்கேன். தானே அத ரெண்டு தடவை வாங்கி முழுங்குனவன இப்பத்தான் பாக்குதேன்.

அந்தச் சளி மாத்திரையில இன்னும் ரெண்டு பேரு குடியிருக்கான். ஒருத்தன் மூக்கு ஒழுகுறத நிப்பாட்டுறவன், ஆளத் தூங்க வச்சிருவான். நீ மருந்து மயக்கத்துல தூங்குதியா, மண்டைக் கோளாறுல தூங்குதியான்னு பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியாமப் போயிரும். இன்னொருத்தன் மூக்கடைப்பத் தெறக்கிறவன். அவன் சிலபேருக்கு நெஞ்சு படபடக்க வச்சுத் தூக்கத்தக் கெடுப்பான். ஒரே மாத்திரையில தாலாட்டும் தவுலும். அதனால டாக்டரம்மாகிட்டக் கேட்டு அதத் தூக்கிப் போட்டுட்டு, பாராசிட்டமால மட்டும் அளவா, நேரம் குறிச்சு எழுதி வையின்னு சொல்லியாச்சு. அதுவும் நோவு விட்டுப்போன பெறகும் பழக்கமாப் போட்டுக்கிட்டே இருந்தா, மாத்திரையே தலையிடியக் கொண்டாந்துருமாம். கடன அடைக்கக் கடன் வாங்குற கதை.

இந்த இபுப்ரோபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் வகையறா இருக்கே, அதுகளத் தொடாத. அடிபட்ட புதுசுல அது ரத்தங்கசிய வழி விடும்ங்கிறது ஒரு காரணம். இப்ப ரெண்டாவது காரணமும் சேந்துருச்சு. மழைக்காலம், ஹைதராபாத்து, காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால வலி. இந்தக் கூட்டாளிகளக் கேட்டதும் உனக்கு யாரு ஞாபகம் வருது? டெங்கு. அதுலயும் இதே மாத்திரைகதான் ஆகாது, இதே ரத்தக் காரணந்தான். முதல் அஞ்சு நாளுக்குள்ள ரத்தத்துல பாத்தாத் தெரிஞ்சிரும். உனக்குப் பாத்தாச்சு, இல்லன்னு வந்தாச்சு. கொசுவச் சாதாரணமா நினைக்காத. இங்க பக்கத்துல செகந்திராபாத்துல இருந்துதான ரொனால்ட் ராஸ் துரை கொசுவ அறுத்து அதுக்குள்ள மலேரியாக் கிருமியக் கண்டுபிடிச்சாரு, 1897 ஆகஸ்ட் 20. அதுக்கு 1902-ல நோபல் பரிசு. அவரு பேரத்தான் நல்லகுண்டா காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கும் வச்சிருக்காக. அவரு கொசுவுக்குள்ள தேடுனாரு. நீ பால்கனித் தொட்டிக்குள்ள தண்ணிய நிப்பாட்டி அதுக்குப் பிள்ளைப்பேறு பாத்துக்கிட்டு இருக்க.

வைத்தியத்துல உங்கம்மாவ மிஞ்ச ஆளு கெடையாது. நொச்சியிலை இந்த ஊர்ல கெடைக்கலன்னு துளசியப் போட்டு, அண்டாவுல தண்ணி கொதிக்க வச்சு, உன்னக் கம்பளியப் போத்தி வேது பிடிக்கக் குனிய வச்சா. குனிஞ்சாலே கிறுகிறுக்கிறவன் நீ. கொதிதண்ணி அண்டா மேல தலைகுப்புற விழுந்திருந்தா, மண்டையடி, தடுமம், மூஞ்சி வெந்தது, மூணு பேரேடு போட்டிருக்கணும். ஆவி வேணும்னா குளிக்கிற ரூம்ல சுடுதண்ணியத் தெறந்து விட்டுட்டு முக்காலியில நிமிந்து உக்காரு. எதிர்வீட்டுக்காரர் அன்போட ஜிந்தா திலிஸ்மாத் குடுத்தாரு. 1920-ல இருந்து இந்த ஊரு சனம் சளின்னாலும் வயித்துவலின்னாலும் அந்தச் சீசாவத்தான் தேடுது. எனக்கு அந்த வாடை பிடிச்சிருந்துச்சு. நீ மோந்து பாத்ததும் குமட்டிக்கிட்டு ஓடுன. அடிபட்ட மண்டைக்குச் சிலபேருக்கு வாடையே ஆகாது. அதனால அவரு மனசு நோகாம வாங்கி வச்சு, நான் என் முழங்காலுக்குத் தடவிக்கிட்டேன். இருமல் மட்டும் அடக்கி வைக்காத, தும்மல வாயத் தெறந்து விடு. மூக்கப் பொத்தி அமுக்குனா அந்த வேகம் பூராம் மண்டைக்குள்ள இடிக்கும். முக்கி முக்கி வெளிக்கிருக்கிறதும் அதே இடிதான். கொய்யாப்பழம் வாங்கி வச்சிருக்கேன், தின்னு.

சோத்துக்கு யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பெரிய காம்பவுண்டு இருக்கே, சத்துணவு ஆராய்ச்சி நிலையம், அது பொறந்தது இங்க இல்ல, நம்ம குன்னூர்ல. 1918-ல மெக்காரிசன் துரை பெரிபெரி நோயப் பத்தி ஆராய ஒரு சின்ன அறையில ஆரம்பிச்சாரு. 1958-லதான் இங்க குடிவந்துச்சு. உன்ன மாதிரியே பொழப்புக்கு வந்த தமிழ்நாட்டு ஆளு. ஆனா அது உருப்படியா வேலை பாக்குது. நீ கஞ்சி குடி. வாய்க்குப் பிடிக்கலன்னா ரசம், இளநீ, மோரு. வாந்தியோ பேதியோ ஆனா, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவச்ச தண்ணி, தலைதட்டி ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. காய்ஞ்சு கெடக்குற உடம்புலதான் கிறுகிறுப்பும் தலையிடியும் கூத்தாடும். பத்தியம்னு பட்டினி போட்டா, எந்த வலி எவன் வலின்னு பிரிச்சு எழுதவே முடியாது, மூணாவதாப் பசியும் சாக்கத் தூக்கிக்கிட்டு வந்துரும்.

என்ன, ஆபீசா? மூணு நாளா அதத்தான் முணங்குத. ‘நான் இல்லாட்டா ரிலீஸ் நின்னுரும் மாமா’ங்க. சரி, நீதான் கிரிக்கெட்டுப் பைத்தியமாச்சே, உன் பாஷையிலயே சொல்லுதேன். 2020 டிசம்பர் 4, கான்பெரா. ஜடேஜா 23 பந்துல 44 அடிச்ச ஆட்டம். கடைசி ஓவர்ல ஸ்டார்க் போட்ட பந்து அவன் ஹெல்மெட்டுல படுது. கவனி, அவனுக்கு ஹெல்மெட்டு தலையில இருந்துச்சு. அப்புறம் பந்துவீச அவன் வரல. அவனுக்குப் பதிலா சாஹல் வந்து மூணு விக்கெட்டு எடுத்து, ஆட்டநாயகன் பரிசையும் வாங்கிட்டுப் போனான். இந்தியா 11 ரன்ல ஜெயிச்சுது. ஜடேஜா மிச்ச டி20 ஆட்டத்துலயும் இறங்கல. அவன் இல்லன்னு இந்தியாவே கலங்கல, நீ இல்லன்னு ஹைடெக் சிட்டி இடிஞ்சு விழுந்துருமாக்கும்? உனக்குப் பயம் ரிலீஸ் நின்னுரும்னு இல்ல மாப்ளே. எவனாவது சாஹல் வந்து மூணு விக்கெட்டு எடுத்துருவானோன்னுதான்.

காய்ச்சல் விட்டு ஒரு நாளாவது முழுசாக் கழியட்டும். அப்புறம் விட்ட எடத்துல இருந்து தொடங்காத, ஒரு படி கீழ இருந்து தொடங்கு. காய்ச்சலுக்கு முந்தி அரைமணி நேரம் நடந்தியா? இப்பக் கால்மணி. கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் பாத்தியா? இருபது நிமிசம். தலையிடி கொஞ்சம் தலைதூக்கிட்டு ஒரு மணிக்குள்ள அடங்குனா பாதகமில்ல, நாளைக்குக் கொஞ்சம் கூட்டு. அடங்கலன்னா குறை. வண்டிச் சாவி என் இடுப்புல இருக்கு, தேடாத. டாக்டரு சொல்ற வரைக்கும் மெட்ரோ, அதுவும் கூட்டமில்லாத நேரத்துல, மூக்குக்கு முகமூடி போட்டுக்கிட்டு. இன்னொரு தரம் தலையில அடிபடாமப் பாத்துக்கிடு. முதல் அடி ஆறுமுன்ன ரெண்டாவது அடி விழுந்தா அது வேற மாதிரி வட்டி கேக்கும்.

ஞாயித்துக்கிழமை போனாலுத் திருவிழா வருதாம், தெருவுல பறை அதிரும். 1813-ல இங்க காலரா வந்தப்ப உஜ்ஜயினியில இருந்த இந்த ஊர்ப் பட்டாளத்துக்காரர் மகாங்காளிக்கு வேண்டிக்கிட்டு, திரும்பி வந்து செகந்திராபாத்துல கோயில் வச்சாருன்னு சொல்லுதாக. நோய் போகணும்னு கும்பிடுற சாமி, உன் நோயக் கூட்டணும்னு நினைக்குமா? காதுல பஞ்சு வச்சுக்கிட்டு உள்ளறையில இரு. பஞ்சுக்கு என்ன பஞ்சம், நான் இருக்கேன்ல. ஆனா நாள் பூராம் அடைச்சே வைக்காத. அப்புறம் காது கரண்டிச் சத்தத்துக்கே நடுங்கும். பறை போனதும் எடுத்துரு.

என்ன தாயி, காப்பியா? வையி. துண்ட ஏன் பிடிச்சு இழுக்க? அட, விடு தாயி. அது ஒண்ணுமில்ல. பரண் கதவு. அன்னிக்கு அண்டாவ எடுக்கக்குள்ள லேசா… லேசாத்தான். நாலு நாளாச்சு. வீக்கம் கூடவே இல்ல, அப்படியேதான் இருக்கு. தலையிடியா? இருக்கு, வயசானவனுக்கு இருக்காதா? மாப்ளே, நீ என்ன மேசையில தேடுத? அது என் மாத்திரை டப்பா. ஆமா, நெஞ்சுக்கு ஸ்டென்ட்டு வச்ச பெறகு குடுத்த ரத்தம் இளக்குற மாத்திரைதான். ரெண்டு வருசமாப் போடுதேன். இப்ப அதுக்கென்ன?

தெரியும்டா. எனக்கே பாடம் எடுக்காத. ரத்தம் இளக்குற மாத்திரை போடுற கெழவன் தலையில இடிச்சுக்கிட்டா, நல்லா இருந்தாலும் பாத்துறணும். உள்ள மெல்ல மெல்லக் கசிஞ்சு ரெண்டு மூணு வாரங்கழிச்சுக்கூட வேலையக் காட்டும். டாக்டரம்மா சொன்னாக. யாருக்குச் சொன்னாக? எனக்குத்தான் சொன்னாக. துண்டு கட்டியிருக்கிற உங்களுக்கும் சேத்துத்தான்யா சொல்லுதேன்னு ஒரு பார்வையும் பாத்தாக. நம்ம தெலுங்கு அவுகளுக்கு விளங்கலன்னு நான்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சரி, சரி, அக்காவக் கூப்பிடாதீக. அவ வந்தா ராத்திரி பூராம் நான் யாரு சொல்லுன்னு எழுப்புவா. செருப்பு எங்க? ஆட்டோ கூப்பிடு தாயி, மாப்ளே சாவியத் தேடட்டும், கெடைக்காது. என்னது, எனக்கும் ஸ்கேனா? எம்புட்டு ஆகும்? ஆத்தாடி. என் மண்டையில ஒண்ணுமில்லன்னு எங்க அக்கா ஓசியிலயே எழுதிக் குடுப்பாளே!